சஷ்டிகா நடந்த பட்சம்

விண்கலம் நிலாவில் கால் வைத்த அந்தச் சாயங்காலம், வெள்ளக்கல்வலசில் இருந்த மனுசருக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் கல்லுக்கும் எடை ஆறில் ஒரு பங்காகக் குறைந்துபோனது. பேருந்து நிற்கும் இடத்தில் இருக்கும் மைல்கல்தான் எல்லை. கல்லுக்கு இந்தப் பக்கம் குறைந்தது, அந்தப் பக்கம் குறையவில்லை.

காரணம் என்று ஊரில் ஒரே ஒரு பேச்சுதான் இருந்தது. சில வருசங்களுக்கு முன்னால் அதிகாரிகள் ஜீப்பில் வந்து, இந்த ஊர்க் கரட்டுக் குன்றின் வெள்ளை மண் நிலாவின் மண்ணைப் போலவே இருக்கிறதென்று லாரி லாரியாக அள்ளிப்போய், ஒரு பெரிய கொட்டகையில் பரப்பி, அதன்மேல் விண்கலத்தை இறக்கி இறக்கிப் பழக்கியிருந்தார்கள். "நம்ம மண்ணுல எறங்கிப் பழகுனது. அங்க எறங்கறப்போ பாதி நெனப்பு இங்க எறங்கிருச்சு," என்றார் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நாச்சிமுத்து. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்காதவர்கள் இதை மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

ஊரே பஞ்சாயத்து ஆபீஸ் டிவி முன்னால் கூடியிருந்த அந்த நேரத்தில் தவமணி மட்டும் வீட்டில் இருந்தாள். நாலு வயசு சஷ்டிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் அவ்வளவு நேரம் நிற்க அவளால் முடியாது. சஷ்டிகா உட்காருவாள், பேசுவாள், பாடுவாள், கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப்போடுவாள், நிற்க மாட்டாள். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "எலும்புல ஒரு கொறையும் இல்லம்மா. சதையிலதான் சக்தி இல்ல. அவ எடைய அவளாலயே தாங்க முடியாது." அந்த வார்த்தையைக் கேட்டு வந்த நாளிலிருந்து, பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் கடைசி வாய் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தவமணி ஒரு நொடி தயங்குவாள். கொடுத்துவிடுவாள், கொடுக்காமல் இருந்ததே இல்லை. ஆனாலும் அந்தத் தயக்கம் அவளுக்குத் தெரியும், பிள்ளை வளர்வதைப் பார்த்துப் பயப்படுகிற தாய் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

தூரத்தில் கைதட்டல் கேட்டபோது அவள் பிள்ளையைக் குளிப்பாட்டத் தூக்கக் குனிந்தாள். எப்போதும் போல மூச்சைப் பிடித்து, ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகிலும் கொடுத்து, பல்லைக் கடித்துத் தூக்கினாள். பிள்ளை பஞ்சு மூட்டை மாதிரி கையை விட்டு எழும்பி, அவள் தலைக்கு மேலே போய், மெல்ல மெல்ல இறங்கி வந்தது. உள்ளே இருந்த உயிர் போய்விட்டது, வெறுங்கூடுதான் கையில் இருக்கிறது என்று நினைத்தாள் தவமணி. அவள் வாய்விட்டு அலறுவதற்குள், "அம்மா, இன்னொருக்கா," என்றது கூடு.

அன்று ராத்திரி நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாதவர்கள் ஊரில் இல்லை. ஆனால் எதையும் பழகிக்கொள்ள மனுசருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? பொழுது விடிந்ததும் பால் கறந்தாக வேண்டும், பண்ணையில் முட்டை பொறுக்கியாக வேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாக வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரே தாவில் மதில் தாண்டிப் போனார்கள், நாட்டுக்கோழிகள் தென்னை மரத்து உச்சியில் போய் அடைந்தன, கல்லுடைக்கிறவர்கள் இரண்டாள் கல்லை ஒற்றைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, சம்மட்டியும் அப்படியே எடை இழந்து அடி விழாமல் மிதந்ததால், வேலை மிச்சமும் இல்லை நட்டமும் இல்லை என்று பீடி பற்றவைத்தார்கள். ரேசன் கடை எலக்ட்ரானிக் தராசில் ஒரு கிலோ என்று காட்ட ஆறு கிலோ அரிசி கொட்ட வேண்டியிருந்தது. விற்பனையாளர் ஒரு நாள் அழாக்குறையாக அளந்துவிட்டு, மறுநாள் எங்கேயோ தேடி அரிசி அளக்கும் ஒரு பழைய படியை எடுத்துக்கொண்டு வந்தார். நாச்சிமுத்துவின் பண்ணையில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் முட்டை உடையவில்லை, அதனால் உடைசல் முட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைக்கும் பெண்களுக்குக் குழம்பு இல்லாமல் போயிற்று. பேருந்து மைல்கல்லை நெருங்கும்போது கண்டக்டர், "வெள்ளக்கல்வலசு வருது, எல்லாரும் கம்பியப் புடிச்சுக்குங்க," என்று குரல் கொடுக்கப் பழகிக்கொண்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள், குதித்துப் பார்த்தார்கள், பிறகு அவரவர் சோலிக்குத் திரும்பிப் போனார்கள்.

நடுவில் ஒரு மழை பெய்தது. தும்பைப்பூ உதிர்வது மாதிரி அவ்வளவு மெதுவாக இறங்கியது. அந்த மழையில் கிழக்குத்தெரு பெரியவர் ஒருவர் இறந்துபோனார். ஒருத்தரே ஒற்றைத் தோளில் தூக்கிப்போயிருக்கலாம், ஆனாலும் நாலு பேர்தான் தூக்கினார்கள். நாலு பேரும் பாரம் தாங்காதவர்கள் போல முதுகை வளைத்து மெதுவாகத்தான் நடந்தார்கள். குழியில் போட்ட மண் அவர்மேல் போய்ச் சேர நேரமானது. அவருடைய மகள் அந்த மண் இறங்கி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

தவமணியோடு பண்ணையில் வேலை செய்யும் அங்கம்மாதான் முதலில் அழுதவள். இரண்டு குடத்தைத் தலையிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்தவள் பாதி வழியில் நின்று, "ஏந் தவமணி, என்ற கழுத்து வலியக் காணமே," என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். இத்தனை வருசம் கூடவே இருந்த ஒன்று சொல்லாமல் போய்விட்டதற்காக அழுதாளா, இத்தனை வருசம் இருந்ததற்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

தவமணி வேலைக்குப் போகும்போது சஷ்டிகாவையும் தூக்கிக்கொண்டு போய், முட்டை அட்டைகளை அடுக்கும் மூலையில் ஒரு சாக்கை விரித்து உட்கார வைப்பது வழக்கம். எடை குறைந்து சில நாள் கழித்து ஒரு காலையில், அவள் கூண்டு வரிசையின் அந்தக் கோடியில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்த்தால், பிள்ளை அட்டை அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. கையிலிருந்த கூடையைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் தவமணி நின்றாள். சஷ்டிகா தன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ வைத்துவிட்டுப்போன சாமானைப் பார்ப்பது மாதிரி. தவமணி பாய்ந்து போய்க் கையை நீட்டினாள்.

"புடிக்காதம்மா," என்றாள் சஷ்டிகா.

அடுக்கை விட்டாள். ஒரு கால் முன்னால் வந்தது. இன்னொரு கால் அதன் பின்னால் வந்தது. உடம்பு அப்படியும் இப்படியும் சாய்ந்து, விழப்போய், விழுவதற்கு அந்த நாட்களில் ரொம்ப நேரம் பிடித்ததால், விழுவதற்குள் சமாளித்து, கோழிகள் எல்லாம் கூண்டுக்கு வெளியே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வரிசைக்கும் நடுவில் அவள் நடந்து வந்தாள். அங்கம்மாதான் கொட்டகைத் தகரம் அதிர, "நடக்குதுடீ! உன்ற புள்ள நடக்குதுடீ!" என்று கத்தினாள்.

அந்த ஊரில் பிள்ளை முதல் நடை நடந்தால் வெல்லமும் தேங்காயும் போட்டுக் கொழுக்கட்டை பிடித்து ஊருக்குக் கொடுப்பார்கள். சஷ்டிகா வயசுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கொழுக்கட்டை எப்போதோ தின்று முடிந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தட்டு வரும்போது தவமணி வாங்கி மூடி வைத்துவிட்டு, அவர்கள் போன பிறகு மாட்டுக்குப் போட்டிருக்கிறாள். இன்றைக்கு அவள் வீட்டு அடுப்பில் அண்டா ஏறியது. நாச்சிமுத்து வெல்லம் கொடுத்தனுப்பினார், அங்கம்மா மாவு இடித்துக்கொடுத்தாள், அங்கன்வாடி டீச்சர் கலைமணி தேங்காய் துருவினாள். ஆவி தாங்காமல் அண்டா மூடி எழும்பி உத்தரம் வரை போய் வந்தது. ஊர்ப் பெண்கள் தெருவின் இரண்டு பக்கமும் நிற்க, சஷ்டிகா ஒரு தட்டைக் கையில் ஏந்தி வீடு வீடாக நடந்துபோய்க் கொடுத்தாள். வாங்கியவர்கள் யாரும் நின்றபடி வாங்கவில்லை, எல்லோரும் குனிந்து அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள்.

அவளுடைய அப்பா அர்த்தநாரி லாரி டிரைவர். அஸ்ஸாமுக்கு லோடு ஏற்றிப் போயிருந்தான். தவமணி வீடியோவில் கூப்பிட்டுப் பிள்ளை நடப்பதைக் காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கையை யாரு புடிச்சிருக்கா?" என்றான்.

"யாரும் புடிக்கலீங்க."

"பொறத்தால யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லீங்க. நீங்களே பாருங்க. அவளேதான்."

அதற்குப் பிறகு அவன் முகம் மறைந்து, லாரியின் கூரைதான் தெரிந்தது. செல்லை மல்லாக்க வைத்துவிட்டான். கூரையில் ஒட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே தவமணி காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது. "நான் வர்ற வரைக்கும் நடப்பாளா, தவமணி?"

"வெரசா வாங்க," என்றாள் அவள்.

விண்கலத்துக்குச் சாப்பாடே வெயில்தான் என்று கலைமணி டீச்சர் சொல்லியிருந்தாள். அங்கே ஒரு பகல் என்பது நம் கணக்கில் ஒரு பட்சம், பதினாலு நாள். அது முடிந்து இருட்டும் குளிரும் வந்தால் விண்கலம் தூங்கிப்போகும். மறுபடி விடிந்தால் எழுப்பிப் பார்ப்பார்களாம். எழுந்தால் எழும், எழாவிட்டால் இல்லை. விண்கலம் தூங்கினால் வெள்ளக்கல்வலசில் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தவமணி வருவதைப் பார்த்தால் வீடுகளில் டிவியை அணைத்தார்கள். பேச்சைப் பாதியில் நிறுத்தி, வெயிலைப் பற்றியோ முட்டை விலையைப் பற்றியோ பேசினார்கள். அவளுக்குத் தெரியக்கூடாது என்று ஊரும், தனக்குத் தெரியும் என்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்று அவளும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார்கள்.

அங்கம்மாதான் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் கேட்டாள். "புள்ளைய ரொம்ப நடக்கவுடாத, தவமணி. ருசி கண்டுருச்சுன்னா பொறகு எப்பிடித் தாங்கும்?"

"எனக்கு அப்பிடித் தோணலீங்கக்கா."

"பின்ன?"

"உக்காந்தே இருக்கறதுக்கு அவளுக்கு மீதி ஆயுசு பூரா இருக்குது," என்றாள் தவமணி.

அன்றிலிருந்து தவமணி வேலைக்குப் போகவில்லை. பிள்ளையோடு நடந்தாள். கோயிலைச் சுற்றி நடந்தார்கள், ஏரிக்கரைமேல் நடந்தார்கள், பள்ளிக்கூட மைதானத்தில் மற்றப் பிள்ளைகளோடு ஓடவிட்டு ஓரத்தில் நின்றாள். ஊர் ஒன்றும் கேட்காமல் தெருவில் கிடந்த ஜல்லியைக் கூட்டி அள்ளியது. பைக் வைத்திருந்தவர்கள் தெருமுனையிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாலு வருசமாகப் பூவின் உள்ளிதழ் மாதிரி இருந்த சஷ்டிகாவின் பாதம் காய்த்தது. குதிகாலில் ஒரு கொப்புளம் வந்து உடைந்தபோது தவமணி அதற்கு மஞ்சள் வைக்காமல் கொஞ்ச நேரம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு மத்தியானம் அவர்கள் பேருந்து நிறுத்தம் வரை நடந்து போனார்கள். "அக்கட்டால போகாத, சாமி," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டு சஷ்டிகா மைல்கல்லைத் தாண்டினாள். தாண்டிய கால் தரையில் பட்டதுமே மடங்கியது. நனைந்த துணி மாதிரி அப்படியே குவிந்து விழுந்தாள். தவமணி ஓடிப்போய் இழுத்து இந்தப் பக்கம் போட்டாள். முழங்காலில் ரத்தம். சஷ்டிகா அழவில்லை. கல்லையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, அந்தப்பக்கம் மண்ணு இழுக்குது."

"ஆமாங் கண்ணு."

"முன்னாடி இங்கயும் இழுத்துதுல்ல?"

தவமணி முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள்.

"மறுபடி இழுக்குமா?"

பொய் வாய் வரை வந்தது, அதைச் சொல்லத்தான் வரவில்லை. "இழுக்கும், சாமி."

சஷ்டிகா எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டு, "அப்ப வெரசா போலாம் வா. நான் இன்னும் கரட்டு மேல ஏறவே இல்ல," என்றாள்.

கரட்டுமேல் அவர்கள் ஏறியது கடைசி நாளன்று. விடியும்போதே குடங்களின் பாரம் கொஞ்சம் கூடியிருந்தது. அங்கே வெயில் சாயச் சாய இங்கே கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் கனத்தன. தென்னை உச்சியில் இருந்த கோழிகள் தட்டுத்தடுமாறி இறங்கி வந்தன. சஷ்டிகா அம்மா கையைப் பிடிக்காமலே மேலே ஏறினாள், அங்கே விண்கலத்துக்காக மண் வெட்டிய பள்ளத்தைச் சுற்றிவந்தாள், இறங்கவும் ஆரம்பித்தாள். ஊர்க்காரர்கள் விறகு பொறுக்குகிறவர்கள் போலவும் ஆடு தேடுகிறவர்கள் போலவும் பின்னால் வந்தார்கள். பாதி வழியில் அவள் நடை குறுகியது. ஒரு பாறைமேல் கை ஊன்றினாள், முழங்கால் நடுங்கியது, பிறகு தானாகவே மெல்லச் சரிந்து உட்கார்ந்து, கால் இரண்டையும் கையால் தூக்கி நேராக நீட்டிவைத்துக்கொண்டாள்.

"இங்க இருந்துட்டு அப்பறம் போலாம்மா," என்றாள்.

"சரி, சாமி," என்று தவமணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பொழுது இறங்கிய பிறகு மூச்சைப் பிடித்து, ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகிலும் கொடுத்துத் தூக்கினாள்.

அர்த்தநாரி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். வழியில் மழை பெய்து ரோடு அறுத்துக்கொண்டதில் லாரி நின்றுவிட, பாதி தூரம் ரயிலிலும் கிடைத்த வண்டிகளிலும் ஏறி வந்திருந்தான். மைல்கல்லைத் தாண்டும்போது தன் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லாததிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முன்னால் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல், அவளுடைய உள்ளங்காலைத் தடவிப் பார்த்தான். காய்ப்பு இருந்தது. அதன்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் குலுங்கியதைத் தெருவில் போனவர்கள் பார்க்காதது போலப் போனார்கள்.

"அப்பா, நான் நடந்த எடமெல்லாம் பாக்கறியா?" என்றாள் சஷ்டிகா.

தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினான். கோயில், ஏரிக்கரை, பள்ளிக்கூடம் என்று அவள் கைகாட்டக் கைகாட்ட நடந்தான். "இங்க நடந்தியா?" "ஆமாப்பா." "இங்க?" "இங்க ஓடுனேன்." வேப்பமரத்தைக் காட்டி, "இதும்மேல ஏறுனேன்," என்றாள். அவள் அதில் ஏறவில்லை. பின்னால் வந்த தவமணி அதைத் திருத்தவில்லை.

அதன்பிறகு ஒரு பட்சம் இருட்டு, நிலாவில். வெள்ளக்கல்வலசில் எப்போதும் போல வெயில் அடித்தது. உடைசல் முட்டைக் குழம்பு மறுபடி கொதித்தது, அங்கம்மாவின் கழுத்து வலி திரும்பி வந்தது, தராசு சரியாகக் காட்டியது. அர்த்தநாரி லோடுக்குப் போகவில்லை. முதலாளி கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்று சொன்னான்.

நிலாவில் விடிந்து விண்கலத்தை எழுப்பப்போகிற அன்றைக்குக் காலையில், யாரும் சொல்லாமலே ஊர் தவமணி வீட்டு முன்னால் வந்து கூடியது. பண்ணையை அப்படியே விட்டுவிட்டு நாச்சிமுத்து வந்தார். ஆளுக்கொரு பொருளைக் கையில் பிடித்திருந்தார்கள்; கல், குழவி, இரும்பு வாளி, தூங்குகிற குழந்தை என்று எடை குறைந்தால் உடனே தெரிகிற ஏதோ ஒன்று. அர்த்தநாரி தெரு நடுவில் மண்டியிட்டு, சஷ்டிகாவின் அக்குளில் கை கொடுத்து, அவள் பாதம் தரையில் படும்படி நிறுத்திப் பிடித்துக்கொண்டான். கலைமணி டீச்சர் செல்லைக் காதில் வைத்துச் செய்தி கேட்டபடி, "கூப்புடறாங்க," என்றாள். பிறகு, "இன்னும் கூப்புடறாங்க," என்றாள். வெயில் ஏறியது. வாளி பிடித்திருந்தவர் கை மாற்றினார். தவமணி யாரையும் பார்க்காமல், பிள்ளையின் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கலைமணி செல்லைக் காதிலிருந்து எடுத்து, எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் சேலையில் துடைத்தாள். யாருடைய கையிலும் கனம் குறையவில்லை.

உச்சிவெயிலில் சஷ்டிகா தலையைத் தூக்கி, தன்னைச் சுற்றி நின்ற எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்பாவின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"அப்பா, கால் வலிக்குது. நான் உக்காந்துக்கட்டுமா?"

தவமணி கிட்டே வந்து, "உக்காரு கண்ணு," என்றாள். இரண்டு பேருமாகப் பிடித்து அவளை மண்ணில் உட்கார வைத்தார்கள். அங்கம்மா குழவியைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கலைமணி உட்கார்ந்தாள். வாளியை வைத்துவிட்டு ஒருவர், கல்லை வைத்துவிட்டு ஒருவர், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நாச்சிமுத்து என்று ஒவ்வொருவராகத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஊர் மொத்தமும் வெயிலில், வெள்ளை மண்ணில், காலை நீட்டி உட்கார்ந்தது. பண்ணையில் தீனி வைக்கும் நேரம் தாண்டிப்போய்க் கோழிகள் கத்த ஆரம்பித்தன. வெகுநேரம் வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.